வாரிய சேறு எங்கே போகிறது? தூர் மண்ணும் அதில் ஒட்டிய நஞ்சும்: ஓர் எளிய விளக்கம்

கண்மாய் வற்றி உள்வாய் வெடித்துக் கிடக்கும் கோடையில்தான் தூர் வாரும் வேலை நடக்கும். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் பங்குனிக் கடைசியில் இருந்து ஆனி வரை எங்காவது ஓர் ஊரில் ஜேசிபி சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். எவ்வளவு ஆழம் எடுத்தார்கள், கரையைப் பலப்படுத்தினார்களா, மடையையும் கலுங்கையும் சரி செய்தார்களா என்றெல்லாம் டீக்கடையில் பேச்சு நடக்கும். வாரிய சேறு எங்கே போனது என்று கேட்பவர்கள் குறைவு.

அளவை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சின்னக் கேள்வி இல்லை என்பது புரியும். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஓர் ஏக்கர் ஊருணியில் ஓர் அடி ஆழம் சேறு எடுத்தாலே 43,560 கன அடி, அதாவது சுமார் 435 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). மூன்று யூனிட் பிடிக்கும் டிப்பரில் 145 நடை. ஐம்பது ஏக்கர் கண்மாய் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இத்தனை மண்ணுக்கும் ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை வேலை தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. சேறு அடியில் கிடக்கும்போது ஒரு குணம், வெளியே வந்து காய்ந்த பிறகு வேறொரு குணம். தூர் வாருவதில் பாதி வேலை தோண்டுவது என்றால், மீதிப் பாதி கொட்டும் இடத்தைப் பார்த்துக்கொள்வது.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கிராமத்துக் கண்மாய் வண்டல் பெரும்பாலும் நல்ல மண். தலைமுறை தலைமுறையாக நம் புஞ்சைக்கு அடித்த மண். அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது சாக்கடை கலக்கும் ஊருணி, பட்டறைத் தெருவின் கால்வாய், ஊர்க் குப்பை இறங்கும் வரத்துக்கால் ஆகியவற்றின் சேற்றைப் பற்றி. இந்த இரண்டு சேற்றையும் ஒரே டிப்பரில் ஏற்றி ஒரே இடத்தில் கொட்டுவதால்தான் தொல்லை வருகிறது.

நஞ்சு சேற்றில் எப்படிச் சேருகிறது

சருகணி ஆறு, தேனாறு, விருசுழி ஆறு, பாம்பாறு எல்லாமே மழை பெய்தால் ஓடும், மழை விட்டால் வறண்டுபோகும். ஓடும் நாட்களில் கலங்கலாக ஓடும். அந்தக் கலங்கல்தான் வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்குள் வந்து, ஓட்டம் நின்றதும் அடியில் படிகிறது. ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் போனால் அந்தத் தண்ணீர் அடுத்த கண்மாய்க்கு வரத்து. ஆகவே மேலூரில் தண்ணீரில் கலந்தது கீழூர்ச் சேற்றில் இருக்கும்.

எல்லாச் சேறும் ஒன்றுபோல் இருக்காது. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு கண்மாய்ச் சேற்றைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்துப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் மணல் அடியில் உட்கார்ந்துவிடும். அதன் மேல் சில மணி நேரத்தில் மெல்லிய வண்டல் படியும். தண்ணீர் மட்டும் மறுநாளும் கலங்கலாகவே இருக்கும். அந்தக் கலங்கல் களித் துகள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மணல், தண்ணீரில் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிடம் எடுக்கிறது. மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு அளவுள்ள களித் துகள் அதே ஒரு மீட்டர் இறங்க மூன்று நாள் பக்கம் ஆகிறது.

நஞ்சு பெரும்பாலும் இந்த மூன்று நாள் துகளில்தான் இருக்கும். காரணம் பரப்பளவு. ஒரு கட்டி வெல்லத்தை இடித்துத் தூளாக்கிப் போட்டால் எறும்பு மொய்க்க எவ்வளவு இடம் கிடைக்கும்! அதுபோல ஒரு கைப்பிடி களியின் மொத்தப் பரப்பு, ஒரு கைப்பிடி மணலின் பரப்பைவிடப் பல மடங்கு. அதோடு களித் துகளின் மேல் எதிர்மின் ஏற்றம் இருப்பதால், நேர்மின் ஏற்றம் கொண்ட ஈயம், காட்மியம், செம்பு, துத்தநாகம் போன்றவை அதில் போய் ஒட்டிக்கொள்கின்றன. மக்கிய இலை தழையும் இவற்றைப் பிடித்துவைக்கும். எண்ணெய்க் கழிவும் பூச்சிமருந்து மிச்சமும் தண்ணீரில் கரைவதைவிட மக்கில் ஒட்டுவதையே விரும்பும்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. மணலையும் களியையும் பிரித்துவிட்டால் மணல் பெரும்பாலும் சுத்தம். கவனிக்க வேண்டிய அளவு குறையும். ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் 1993 முதல் இதற்கென்றே ஓர் ஆலையை நடத்துகிறார்கள். எல்பா ஆற்றுச் சேற்றை அதில் விட்டு மணலைத் தனியே எடுத்துப் பயன்படுத்துகிறார்கள், மிஞ்சிய களியைத் தண்ணீர் வடித்துத் தனியே வைக்கிறார்கள்.

கறுப்புச் சேறு காற்றைக் கண்டால்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கொட்டும் இடத்தில் நடக்கும் தவறுகளில் பாதி இதைத் தெரியாமல் நடப்பவை.

சாக்கடை கலக்கும் ஊருணியின் அடிச் சேற்றை ஒரு மண்வெட்டி அள்ளி வெளியே போட்டுப் பாருங்கள். மை போலக் கறுப்பாக இருக்கும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அந்தக் கட்டியைப் பிளந்து வெயிலில் வைத்தால், பிளந்த முகம் கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிறமாகி, மறுநாள் துரு நிறத்துக்கு வந்துவிடும். உள்ளே நடந்தது இதுதான். தண்ணீருக்கு அடியில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சில நுண்ணுயிர்கள் கந்தகத்தைச் சல்பைடாக மாற்றுகின்றன. அது இரும்போடு சேர்ந்தால் கறுப்பு நிறம். அதே சல்பைடு ஈயத்தையும் காட்மியத்தையும் துத்தநாகத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அந்த நிலையில் அவை தண்ணீரில் அவ்வளவாகக் கரைவதில்லை. அதனால்தான் அடிச்சேற்றில் நிறைய ஈயம் இருந்தும் மேலே உள்ள தண்ணீரைச் சோதித்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

சேற்றை வெளியே எடுத்துக் காயவைத்ததும் காற்று உள்ளே போகிறது. சல்பைடு ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக அமிலத்தை உண்டாக்குகிறது. இரும்பு துருவாகிறது, சேறு புளிக்கிறது. பிடி தளர்ந்த உலோகங்கள் அந்த அமிலத்தில் கரையத் தொடங்குகின்றன. அப்புறம் ஐப்பசியில் முதல் கனமழை வருகிறது. குவியலில் இறங்கிய மழைநீர் கரைந்ததை எல்லாம் சேர்த்துக்கொண்டு கீழே போகிறது. பல ஆண்டுகள் ஊருணியின் அடியில் அசையாமல் கிடந்த நஞ்சு ஒரே மழைக்காலத்தில் பக்கத்துக் கிணற்றை நோக்கி நகர்வது இப்படித்தான்.

சேற்றில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் அமிலம் அங்கேயே சமன்பட்டுவிடும். நம் பக்கத்துச் செம்மண்ணில் சுண்ணாம்பு குறைவு என்பதால் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. சோதிப்பது எளிது. ஈரச் சேற்றின் பி.எச். அளவை (புளிப்பைக் காட்டும் எண்; இறங்க இறங்கப் புளிப்பு அதிகம்) முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். அதே சேற்றை மெல்லிய வில்லையாகப் பரப்பி, லேசான ஈரத்தோடு காற்றுப் பட எட்டு வாரம் வைத்து மறுபடி அளந்து பாருங்கள். ஆறரை ஏழில் இருந்தது நாலுக்குக் கீழே இறங்கினால் அந்தச் சேற்றைத் திறந்த வெளியில் குவிக்கவே கூடாது. பி.எச். தாளும் பொறுமையும் இருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளே இதைச் செய்துவிடலாம்.

எல்லா நஞ்சும் இப்படியே நடக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். ஆர்செனிக் இதற்கு நேர்மாறு. காய்ந்த மண்ணில் இரும்புத் துருவோடு ஒட்டியிருக்கும், ஆக்சிஜன் இல்லாமல் தண்ணீர் தேங்கி நின்றால்தான் கரைந்து வெளியே வரும். ஆகவே, சேற்றில் என்ன இருக்கிறது என்று தெரியாமல், காயவைப்பதா ஈரமாகவே வைப்பதா என்று முடிவு செய்ய முடியாது.

எந்தச் சேற்றைச் சந்தேகப்பட வேண்டும்

இதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. வரத்துக்காலில் மேல்நோக்கி நடந்து போனால் போதும். நகரத்தார் காலத்தில் ஊருணிக்கு வீட்டுக் கூரைத் தண்ணீரும் தெருத் தண்ணீரும் வந்தன. அதே வழியில் இன்று என்னென்ன சேருகிறது என்று பாருங்கள். பழைய பேட்டரி உடைக்கும் கடை இருந்தால் ஈயம். ஒர்க்‌ஷாப் இருந்தால் கழிவு ஆயில். முலாம் பூசும் பட்டறை இருந்தால் குரோமியம், நிக்கல். நகைப் பட்டறையில் அமிலத்தில் கழுவும்போது செம்பு வெளியேறும்; காட்மியம் சேர்த்துப் பற்றவைக்கும் கே.டி.எம். முறை அந்தத் தொழிலில் நெடுநாள் இருந்ததால் அதையும் பார்க்க வேண்டும். போக்குவரத்து மிகுந்த சாலையின் ஓரம் என்றால் டயர் தேய்மானத்தில் இருந்து துத்தநாகம். ரசாயனச் சாயம் பூசிய சிலைகளைக் கரைக்கும் ஊருணி என்றால் அந்தச் சாயத்தில் உள்ளதெல்லாம். வீட்டுச் சாக்கடையில் இருந்து கிருமியும் குடற்புழு முட்டையும் வரும். வெயில் பல கிருமிகளைக் கொன்றுவிடும், ஆனால் புழு முட்டை மாதக்கணக்கில் தாங்கும்.

இவை எதுவுமே இல்லை, மேலே காடும் வயலும்தான் என்றால் அது நல்ல வண்டல். பூச்சிமருந்து அதிகம் அடிக்கும் வயல்கள் இருந்தால் மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

சோதனை: எதைக் கேட்க வேண்டும்

வேளாண் துறை தரும் மண்வள அட்டையில் பன்னிரண்டு விஷயங்கள் இருக்கும். தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், பி.எச்., உப்பு, கரிமம். ஈயமும் காட்மியமும் அதில் கிடையாது. “மண் டெஸ்ட் எடுத்தாச்சு, நல்லாருக்குண்ணே” என்று யாராவது சொன்னால், எந்த டெஸ்ட் என்று கேளுங்கள். பயிருக்குச் சத்து இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. நஞ்சு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டாவதுக்குக் கன உலோகச் சோதனை செய்யும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். வரத்துக்கால் வாய், நடுப்பகுதி, மடைப்பக்கம் என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். மேல் அரையடியும் அதற்குக் கீழும் தனித்தனி. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஒரே பொட்டலமாக அனுப்பினால், வாய்ப்பக்கத்தில் இருக்கும் கெட்ட சேறு நடுவில் இருக்கும் நல்ல சேற்றோடு கலந்து சராசரியில் மறைந்துவிடும். துருப்பிடித்த மண்வெட்டியால் அள்ள வேண்டாம், மரக்கட்டையோ பிளாஸ்டிக் கரண்டியோ போதும். பக்கத்தில் சாக்கடை படாத செம்மண்ணிலும் ஒரு மாதிரி எடுங்கள். செம்பராங்கல் பூமியில் இரும்போடு கொஞ்சம் குரோமியமும் இயற்கையாகவே இருக்கக்கூடும். அந்தச் செம்மண்ணில் எவ்வளவு என்று தெரிந்தால்தான் ஊருணிச் சேற்றில் மனிதர் சேர்த்தது எவ்வளவு என்று சொல்ல முடியும்.

முடிவு வந்ததும் எதோடு ஒப்பிடுவது? கைக்கு எட்டும் ஓர் அளவுகோல் 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை. நகரக் கழிவில் செய்த உரத்தில் ஒரு கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5, பாதரசம் 0.15 தாண்டக்கூடாது என்கிறது அது. ஆனால் இதை அப்படியே சேற்றுக்கு எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். வண்டலை விவசாயத்துக்கு இலவசமாக எடுக்கும் அனுமதியில் நன்செய் நிலம் ஏக்கருக்கு 75 கன மீட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஏக்கர் முழுக்கப் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டர் கனம்கூட வராது. எடையோ சுமார் 90 டன். கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஈயம் உள்ள சேறு 90 டன் கொட்டினால் அந்த ஏக்கரில் 9 கிலோ ஈயம் சேரும். அதே அளவு ஈயம் உள்ள உரத்தை ஏக்கருக்கு நாலு டன் போட்டால் சேருவது 400 கிராம். உரத்துக்கு ‘பாஸ்’ என்ற அளவு வண்டலுக்கும் ‘பாஸ்’ ஆகாது. ஈயம் மக்காது, ஆவியாகாது. ஒருமுறை வயலில் போட்டால் பேரப்பிள்ளை காலத்திலும் அங்கேயேதான் இருக்கும். என் கருத்தில், சேற்றின் ஈயம் பக்கத்துச் செம்மண்ணில் உள்ளதைவிடத் தெளிவாகக் கூடுதல் என்றால் அது வயலுக்கு வேண்டாம். உரத்தின் வரம்புக்குள் இருந்தாலும் வேண்டாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. மொத்தமாக எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எவ்வளவு கரைந்து வெளியே வரும் என்று பார்ப்பது. சேற்றின் எடையைப் போல் இருபது மடங்கு எடையுள்ள லேசான அமிலநீரில் அதைப் போட்டு 18 மணி நேரம் சுழற்றி, வடித்த நீரில் அளப்பார்கள். லிட்டருக்கு ஈயம் 5 மில்லிகிராமோ காட்மியம் 1 மில்லிகிராமோ எட்டினால், 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி அது அபாயக் கழிவு. அதை ஊராட்சி தானாக எங்கும் புதைக்க முடியாது. கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற அனுமதி பெற்ற கழிவு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். நம் பக்கத்து ஊருணிச் சேறு அந்த அளவுக்குப் போவது அரிது. வயலுக்கும் ஆகாது, அபாயக் கழிவும் இல்லை என்ற நடுத்தரச் சேறுதான் நமக்கு அதிகம் வரும். அதற்கு உள்ளூரிலேயே ஓர் இடம் வேண்டும்.

கொட்டும் இடம்

எங்கே கொட்டக்கூடாது என்பதில் இருந்து தொடங்குவோம். கரையின் உள்சரிவில் குவித்துவைத்தால் அடுத்த மழையில் திரும்பவும் உள்ளேயே இறங்கிவிடும். வரத்துக்கால் ஓரத்தில் கொட்டினால் அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். குடிநீர் ஊருணியின் மேட்டுப் பக்கம் கூடவே கூடாது. சீமைக்கருவேலம் மண்டிய பொறம்போக்கு சும்மாதானே கிடக்கிறது என்று டிப்பர்க்காரர்கள் தட்டிவிட்டுப் போவதும் உண்டு. “எங்கண்ணே தட்டுறது?” என்று டிரைவர் கேட்கும்போது ஆளுக்கொரு இடம் காட்டினால் வேறு என்ன நடக்கும்? கொட்டும் இடம் வேலை உத்தரவிலேயே புல எண்ணோடு இருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் எல்லோர் கண்ணும் முதலில் போவது பழைய செம்பராங்கல் குழிக்கும் கிராவல் வெட்டிய பள்ளத்துக்கும்தான். தயாராக ஒரு பள்ளம் இருக்கிறது, நிரப்பினால் நிலமும் மட்டமாகிவிடும் என்று தோன்றும். நான் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லும் இடம் அதுதான். செம்பராங்கல் வெட்டி எடுக்கும்போது மென்மையாக இருந்து, காற்றுப் பட்டு இறுகும் கல். உள்ளே முழுக்கத் துளைகளும் குழாய்களும். மழைநீர் அதன் வழியாகச் சரசரவென்று கீழே இறங்கும். காரைக்குடியின் சம்பை ஊற்று போல நம் குடிநீர் பலவும் இப்படி நிலத்துக்குள் இறங்கிய மழைதான். மேல்மண்ணையும் கல்லையும் வெட்டி எடுத்த பள்ளம், நிலத்தடி நீருக்கு மற்ற எந்த இடத்தையும்விடப் பல அடி கிட்டத்தில் இருக்கிறது. அதில் புளிக்கும் சேற்றைக் கொட்டுவது கிணற்று வாயில் கொட்டுவதற்குக் கிட்டத்தட்டச் சமம்.

நல்ல இடம் எப்படி இருக்க வேண்டும்? மேட்டு நிலம், மழைநீர் வெளியில் இருந்து உள்ளே வராத இடம், கிணறுகளுக்குக் கீழ்ப்பக்கம், அடியில் களிமண். களி இயற்கையாக இல்லை என்றால் கொண்டுவந்து போட்டு, தண்ணீர் தெளித்து, ரோலர் விட்டு இறுக்க வேண்டும். சரியாக இறுக்கிய களித்தளத்தில் தண்ணீர் ஆண்டுக்கு மூன்று சென்டிமீட்டர் அளவுக்கே இறங்கும். வேடிக்கை என்னவென்றால், அந்தக் களி பெரும்பாலும் அதே தூர் வாரும் வேலையிலேயே கிடைத்துவிடும். பக்கத்துக் கிராமக் கண்மாயின் சுத்தமான கரம்பையை அடித்தளத்துக்கும் மேல்மூடிக்கும் பயன்படுத்தலாம். நல்ல சேற்றையும் கெட்ட சேற்றையும் முன்கூட்டியே பிரித்துவைப்பதால் கிடைக்கும் பலன்களில் இதுவும் ஒன்று.

சுற்றிலும் கரை எழுப்பி, உள்ளே சேற்றைப் போட்ட பிறகு கவனிக்க வேண்டியது அதிலிருந்து வடியும் தண்ணீர். வறண்ட கண்மாயில் ஜேசிபி வெட்டி எடுக்கும் மண்ணில் தண்ணீர் குறைவு. ஊருணியில் பம்பு வைத்து இறைத்த பிறகும் அடியில் கூழாக நிற்கும் சேற்றில் தண்ணீர் அதிகம். ஆற்று முகத்திலும் மீன்பிடித் துறைமுகத்திலும் மிதவை இயந்திரம் குழாயால் உறிஞ்சி எடுப்பதில் எடைக்கு நூற்றில் பத்து முதல் இருபது பங்குதான் மண், மீதி எல்லாம் தண்ணீர். இந்தத் தண்ணீரை நேரே வாய்க்காலில் விடக்கூடாது. முன்னே சொன்ன மூன்று நாள் துகள் அதில்தான் மிதக்கிறது. ஆகவே தொட்டியை இரண்டாகத் தடுத்து, முதல் தொட்டியின் மேல்மட்டத்தில் இருந்து மட்டும் தண்ணீர் வழிந்து இரண்டாவதுக்குப் போகும்படி செய்வார்கள். கண்மாய் மடையில் பலகை போடுவது போலவே இங்கும் பலகை போட்டு, தெளியத் தெளிய மேல்தண்ணீரை மட்டும் வெளியே விடுவார்கள். தெளிய நேரம் பிடித்தால் படிகாரம் போன்றவற்றைச் சேர்ப்பதும் உண்டு. குடத்தில் தேத்தாங்கொட்டை இழைத்துத் தண்ணீரைத் தெளியவைத்த வீடுகளுக்கு இது புதிய வித்தை இல்லை.

அப்புறம் மூடுவது. புளிக்கும் சேற்றுக்குக் காற்றும் மழையும் படாமல் இருந்தால் போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆகவே சேறு கொஞ்சம் இறுகியதும் மேலே களி, அதற்கு மேல் நல்ல மண், நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரியும் வாட்டம், புல். வேலி போட்டு ஆடு மாட்டை மேயவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். செடி சேற்றில் உள்ள காட்மியத்தை வேர் வழியாக எடுக்கும், கீரை வகைகள் இன்னும் அதிகமாக எடுக்கும். மூடிய மேட்டில் கீரைப் பாத்தி போடவே கூடாது. ஆழமாக வேர் விடும் மரமும் வேண்டாம், களி மூடியைத் துளைத்துவிடும். இதை எல்லாம் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், புரட்டாசிக்குள் முடித்தாக வேண்டும். ஐப்பசியில் திறந்து கிடக்கும் குவியலுக்கு எந்தத் திட்டமும் உதவாது.

இப்படி மூடிவைத்ததில் உலகம் அறிந்தது ஜப்பானின் மினமாட்டா. ஒரு ரசாயன ஆலை கடலில் விட்ட பாதரசம் வளைகுடாச் சேற்றில் படிந்து, மீன் வழியாக மனிதருக்குப் போய் ஆயிரக்கணக்கானவர்களை முடமாக்கியது. 1977-இல் தொடங்கி 1990 வரை, கிலோவுக்கு 25 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருந்த சேற்றைக் கையாண்டார்கள். சுமார் 15 லட்சம் கன மீட்டர். கரைக்கு அருகே மிக மோசமான பகுதியைத் தோண்டாமல் அங்கேயே தடுப்புக் கட்டி அடைத்தார்கள், வெளியே இருந்த சேற்றை உறிஞ்சி அதற்குள் விட்டு, மேலே விரிப்புப் போட்டு நல்ல மண்ணால் மூடினார்கள். 58 ஹெக்டேர் புதிய நிலம் உருவானது. இன்று அது பூங்கா. ஆனால் பாதரசம் அடியில் அப்படியே இருக்கிறது. தடுப்பு எஃகால் ஆனது, கடல்நீரில் எஃகு அரிக்கும். எனவே தடுப்பைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியிருக்கிறது. அரிப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பது காரைக்குடிக்காரர்களுக்குத் தெரியும். 1953-இல் இங்கே திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் அரிப்பு ஒரு முக்கிய ஆய்வுத் துறை.

அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் வேறு வழி. இரண்டு மின்சாதன ஆலைகள் 1947 முதல் 1977 வரை விட்ட பி.சி.பி. என்னும் எண்ணெய்ப் பொருள் படிந்த சேற்றை 2009 முதல் 2015 வரை தோண்டி, தண்ணீர் பிழிந்து, ரயிலில் ஏற்றித் தொலைதூரக் கழிவு நிலையங்களுக்கு அனுப்பினார்கள். பணம் இருந்தால் செய்யலாம்.

நமக்குப் பாடம் அதிகம் இருப்பது நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் என்பேன். ரைன் ஆறு கொண்டுவந்த கெட்ட சேற்றுக்காக 1980-களில் கடலோரத்தில் 15 கோடி கன மீட்டர் கொள்ளும் ஒரு பெரும் பள்ளத்தைக் கட்டினார்கள். ஸ்லுஃப்டர் என்று பெயர். கட்டியதோடு நிற்கவில்லை. ஆற்றில் மேல்நோக்கிப் போய், எந்த ஆலை எதை விடுகிறது என்று கண்டுபிடித்து, அந்த ஆலைகளோடு உட்கார்ந்து பேசி, கழிவைக் குறைக்க ஒப்பந்தம் போட்டார்கள். வரும் சேறு ஆண்டுக்கு ஆண்டு சுத்தமானது, பள்ளம் எதிர்பார்த்ததைவிட மெதுவாக நிரம்பியது. நம் நொய்யலில் நடந்தது இதற்கு எதிர். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கி, சேறும் கெட்டு, கீழே இருந்த விவசாயிகளே அணையில் தண்ணீர் தேக்க வேண்டாம் என்று போராடும் நிலை வந்தது. வரத்துக்காலில் சாக்கடையை விட்டுக்கொண்டே ஊருணியைத் தூர் வாரினால், சில ஆண்டுகளில் அதே சேறு அதே நஞ்சோடு மறுபடி வரும். கொட்ட இன்னோர் இடம் தேட வேண்டும்.

மூடிய பிறகு

மூடிய இடத்தைச் சுற்றி மூன்று சின்ன ஆழ்குழாய்கள் போதும். மேட்டுப் பக்கம் ஒன்று, தண்ணீர் போகும் திசையில் இரண்டு. மேட்டுக் குழாயில் இல்லாதது கீழ்க் குழாயில் வந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். மழைக்கு முன் ஒருமுறை, தை மாதம் ஒருமுறை பி.எச்., உப்பு, சேற்றில் கண்ட உலோகங்கள் ஆகியவற்றைப் பார்த்தால் போதும். பி.எச். இறங்குவதும் உப்பு ஏறுவதும் முதலில் தெரியும், உலோகம் அதற்குப் பின்னால்தான் வரும். அந்த முதல் அறிகுறி தெரிந்ததும் மூடியில் வெடிப்பு இருக்கிறதா, வாட்டம் கெட்டுத் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்த்துச் சரி செய்யலாம்.

கடைசியாகத் தாள் வேலை. எந்த நீர்நிலையின் சேறு, எத்தனை யூனிட், சோதனையில் என்ன வந்தது, எந்தப் புல எண்ணில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, எந்த மாதம் மூடியது என்று ஊராட்சித் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, வரைபடத்தோடு ஒரு நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வருஷம் கழித்து அந்த மேட்டில் பிளாட் போடவோ போர் போடவோ யாராவது வந்தால், எடுத்துக் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.